டிராக்டர் கியர் பாக்ஸ்: பிரிப்பதற்கு முன்பு பார்க்க வேண்டியவை

வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களுக்கு, ஒரு நல்ல மழைக்குப் பிறகு உழவுக்குக் கிடைப்பது நான்கைந்து நாட்கள்தான். செம்மண் அதற்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. கியர் பாக்ஸ் கோளாறு பெரும்பாலும் அந்த நாட்களில்தான் தலைகாட்டும். மாதக்கணக்கில் டிரெய்லர் இழுத்தபடி மெதுவாக ஓடிய வண்டி, அந்த வாரம் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கலப்பையோடு மல்லுக்கட்டுகிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த சின்னக் குறை அப்போது வெளியே வருகிறது.

கியர் விழவில்லை, சத்தம் வருகிறது என்று பட்டறைக்குப் போனால், பல நேரங்களில் முதல் பதிலே "வண்டியைப் பிரிக்கணும்" என்பதாக இருக்கும். டிராக்டருக்கு லாரி போலத் தனி அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவை ஒன்றோடொன்று போல்ட் போட்டுக் கோக்கப்பட்டிருக்கும். அதனால் கியர் பாக்ஸ் உள்பகுதிக்குப் போக வண்டியை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். உதிரிபாகம் உடனே கிடைத்தால் இரண்டு, மூன்று நாள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் ஓடிவிடும். விதைப்பு தவறிப்போகும்.

ஆனால், கியர் பாக்ஸ் கோளாறு என்று நாம் நினைக்கும் பலவும் கியர் பாக்ஸுக்கு வெளியே இருப்பவை. கிளட்ச் பெடல் அட்ஜஸ்ட்மென்ட், தண்ணீர் கலந்த ஆயில், தேய்ந்த லீவர் என்று வண்டியைப் பிரிக்காமலே சரிசெய்யக்கூடியவை. எது எது என்று தெரிந்துகொண்டால் பட்டறையில் கேள்வி கேட்க முடியும்.

கியர் பாக்ஸ் செய்யும் வேலை

ஒரு சின்னக் கணக்கு. 45 குதிரைத்திறன் டிராக்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில், லோவில், வண்டி மணிக்கு 2.5 கிலோமீட்டர் போகிறது. பின் டயரின் சுற்றளவு சுமார் 4 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்கு 10 சுற்றுதான் சுற்றுகிறது. எஞ்சின் 200 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் எவ்வளவு குறைகிறதோ, திருப்பும் விசை ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெருகுகிறது. டாப் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகும்போது எஞ்சின் 16 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. கலப்பையைப் போட்டுக்கொண்டு டாப் கியரில் ஏன் நகர முடியாது என்பது இதிலேயே தெரியும்.

இந்த விசை முழுவதும் ஒரே இடத்தில் பெருகுவதில்லை. கியர் பாக்ஸில் கொஞ்சம், கிரவுன் பினியனில் கொஞ்சம், கடைசியில் ஆக்சில் பக்கத்துப் பெரிய பல்சக்கரத்தில் கொஞ்சம் என்று படிப்படியாகக் கூடுகிறது. லோ கியரில் அதிகபட்ச அடி வாங்குவது பின்பக்கத்துப் பல்சக்கரங்கள்தான். நிலக்கோட்டைப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நெல்லுக்குத் தொளி அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரும்பு கேஜ் வீல் சேற்றில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். வழுக்காத சக்கரம் சுமை முழுவதையும் உள்ளே இருக்கும் பல்லுக்கு அனுப்பும். கேஜ் வீலோடு வரப்பு ஏறுவதும் தார் ரோட்டில் ஓட்டுவதும் பல்லில் சுத்தியலால் தட்டுவதற்குச் சமம்.

பழைய மாசி 1035 போன்ற வண்டிகளில் ஸ்லைடிங் மெஷ் கியர் பாக்ஸ் இருக்கும். கியர் போடும்போது பல்சக்கரமே நகர்ந்து இன்னொன்றோடு சேரும். பிறகு வந்த வண்டிகளில் கான்ஸ்டன்ட் மெஷ். பல்சக்கரங்கள் எப்போதும் சேர்ந்தே இருக்கும், நடுவில் உள்ள ஒரு காலர் மட்டும் நகரும். சில புது வண்டிகளில் கார் போல சிங்க்ரோமெஷ் உண்டு. முதல் இரண்டு வகையில் ஓடும்போது கியர் மாற்றினால் 'கறக்' என்ற சத்தத்தோடு பல்லின் முனை உதிரும். வண்டியை நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஹை-லோ லீவரை எந்த வண்டியிலும் ஓட்டத்தில் தொடக் கூடாது.

கால் கிளட்சிலேயே இருந்தால்

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் டிராக் ரேஸ் நடப்பதுண்டு. நேர் கோட்டில் யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் போட்டி. அமெரிக்காவில் இதன் உச்சகட்டமாக 'டாப் ஃப்யூயல்' என்ற வண்டி இருக்கிறது. எஞ்சின் 10,000 குதிரைத்திறனைத் தாண்டும்; ஓட்டம் நான்கு நொடிக்குள் முடிந்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால், அதில் மாற்றி மாற்றிப் போட கியர்களே கிடையாது. கிளட்ச் பிளேட்டுகளை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வைத்து ஓட்டுகிறார்கள். அந்த நான்கு நொடியில் பிளேட்டுகள் வெந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கிளட்சைக் கழற்றிப் பிளேட் மாற்றுவது அவர்களுக்கு வழக்கமான வேலை.

உழும்போது பெடல் மேலேயே கால் வைத்திருக்கும் டிரைவரும் இதையேதான் செய்கிறார். ஃப்ரீ பிளேயைத் தாண்டிப் பெடல் கொஞ்சம் அமுங்கினாலே பிளேட் மீதுள்ள அழுத்தம் குறைந்து லேசாக வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் சூடு; சூட்டில் பிளேட் தேயும், பிரஷர் பிளேட் ஸ்பிரிங் தளரும், ரிலீஸ் பேரிங் கிரீஸ் உருகிக் காயும். பந்தயக்காரர் அடுத்த ஓட்டத்துக்கு முன் மாற்றிவிடுவார். நமக்கோ அது வண்டியைப் பிரிக்கும் செலவு. பெடலை முழுதாக மிதிக்க வேண்டும், அல்லது காலை எடுத்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கால் நிற்கக் கூடாது. கூலிக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. வரப்பில் நின்று அவர் காலைப் பார்த்தாலே தெரியும்.

கியர் விழவில்லையா? எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். சில நேரம் பல்லும் பல்லும் நேர் எதிராக நிற்கும். வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிட்டுத் திரும்பப் போடுங்கள். அணைத்த நிலையில் எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் விழாமல் அடம்பிடித்தால் குற்றவாளி கியர் பாக்ஸ் அல்ல. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெடலில் 'ஃப்ரீ பிளே' அதிகமாகியிருக்கலாம். பெடலைக் கையால் அழுத்தும்போது முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் இறங்கும் அல்லவா, அதுதான் ஃப்ரீ பிளே. பல டிராக்டர்களில் சுமார் ஓர் அங்குலம் இருக்க வேண்டும்; சரியான அளவு வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். அளவு கூடினால் கிளட்ச் விடாது, கியர் உரசும். அளவே இல்லாமல் போனால் கிளட்ச் எப்போதும் வழுக்கும். இரண்டுக்கும் மருந்து, பெடலுக்குக் கீழே உள்ள கம்பியின் நட்டைத் தளர்த்தி அளவை மாற்றுவதுதான். ஒரு ஸ்பேனர் போதும்.

எஞ்சினை அணைத்த பிறகும் கியர் விழவில்லை என்றால்தான் லீவர், ஃபோர்க், உள்பாகம் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

ஆயில்

கியர் பாக்ஸ் ஆயிலை மறந்துவிடுவது நம் பழக்கம். எஞ்சின் ஆயில் கறுத்தால் மாற்றுகிறோம். கியர் ஆயில் கண்ணில் படுவதில்லை. பல மாடல்களில் 1000 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். புது வண்டியில் முதல் மாற்றம் அதைவிட மிகவும் முன்னதாகவே வரும். தள்ளிப்போடுவதற்குக் காரணமும் புரிகிறது. எஞ்சினுக்கு ஏழெட்டு லிட்டர் போதும். பின்பக்கமோ கியர் பாக்ஸ், ஆக்சில், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி. மாடலைப் பொறுத்து 30, 40 லிட்டர், சிலவற்றில் அதற்கு மேலும் பிடிக்கும். லிட்டர் 250 ரூபாய் என்று வைத்தால் 40 லிட்டருக்குப் பத்தாயிரம் ரூபாய். கையில் மொத்தமாக எடுத்து வைக்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஆயில் 1000 மணி நேரம் உழைக்கிறது. உழவு மணிக்குப் பத்து ரூபாய்தான் ஆகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் வாங்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹைட்ராலிக் கைகளைக் கீழே இறக்கி, எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கைகள் மேலே இருந்தால் கொஞ்சம் ஆயில் சிலிண்டரில் தங்கி, அளவு குறைவாகக் காட்டும். அளவோடு நிறத்தையும் பாருங்கள். தேன் நிறம், பழுப்பு நிறம் சரி. பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கருகிய வாடை வந்தால் வண்டி கடுமையாகச் சூடாகியிருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தொளி அடிக்கும்போது ஆக்சில் சீல் வழியாக வரலாம். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கலாம். பலரும் யோசிக்காத வழி ஒன்று உண்டு: வாட்டர் சர்வீஸ். நாள் முழுக்க உழுத சூட்டோடு கொண்டுபோய் நிறுத்திப் பிரஷர் தண்ணீர் அடிக்கிறோம். சூடான கூடு சட்டெனக் குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ப்ரீதர் என்று சொல்லும் மூச்சுத் துளை சேறு அடைத்துக் கிடந்தால், சீல் ஓரத்து ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். வண்டி ஆறிய பிறகு கழுவுங்கள். லீவர் அடியிலும் ப்ரீதரிலும் நேராகத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம். ப்ரீதரைச் சுத்தம் செய்ய ஒரு துணியும் கொஞ்சம் டீசலும் போதும். அது அடைத்திருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓடும்போது சூட்டில் காற்று விரிந்து, நல்ல சீலிலிருந்தும் ஆயிலை வெளியே தள்ளும். சீல் போய்விட்டது என்று பணம் செலவழித்து மாற்றுவார்கள், மறுபடி ஒழுகும்.

தண்ணீர் இறங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் வண்டியை ஓர் இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம். பிரிந்து கீழே நின்றிருந்தால் முதலில் அதுதான் வரும். ஏற்கெனவே பால் போலக் கலந்துவிட்டது என்றால் முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

டிரெயின் போல்ட்டின் முனையில் காந்தம் இருந்தால் அதைப் பார்க்காமல் துடைத்துவிடாதீர்கள். மை போல மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, பல்லின் முனை போன்ற துண்டு இருந்தால் வண்டியை அன்றைக்கே நிறுத்த வேண்டும். ஒரு பல்லின் உடைந்த துண்டு இரண்டு சக்கரங்களுக்கு நடுவே சிக்கினால் கூடே வெடித்துவிடும். அதன் பிறகு பேச்சு பல்சக்கரத்தின் விலையைப் பற்றி இருக்காது.

ஆயில் ரகத்திலும் ஏமாறக் கூடாது. ஆயில் பிரேக் உள்ள டிராக்டரில் பிரேக் தட்டுகள் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கும். அதற்கென்று உள்ள 'வெட் பிரேக்' ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கடையில் இபி 90 என்று ஒரே டப்பாவை எல்லா வண்டிக்கும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆயில் பிரேக் வண்டியில் அதை ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிப்பும் மாறும். சாதா பிரேக் வண்டியிலும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற வித்தியாசம் உண்டு. ஜிஎல்-5 ரகத்தில் சேர்க்கும் கந்தகப் பொருட்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் உள்ள எழுத்தும் எண்ணும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றுவது சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. கரியையும் இரும்புத்தூளையும் கையால் அள்ளி உள்ளே போடுவதும் அதுவும் ஒன்றுதான்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

வண்டியை நியூட்ரலில் ஓடவிடுங்கள். கிளட்ச்சைத் தொடாதபோது இரைச்சல் இருந்து, பெடலை முழுதாக மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பாக்ஸ் முன்பக்கத்து பேரிங் தேய்ந்திருக்கிறது. இதற்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பேரிங்கோடு முடியும். தள்ளிப்போட்டால் தண்டு ஆடத் தொடங்கிப் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் அமைதியாக இருந்து, ஓடும்போது எல்லாக் கியரிலும் ஊளையிட்டால் பின்பக்கம், அதாவது கிரவுன் பினியன், ஆக்சில் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே சீராக 'டக், டக்' என்று அடித்து, வேகத்துக்கு ஏற்ப அடி கூடினால் எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள்.

ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா? எல்லாக் கியரும் நழுவினால் லீவர், ஃபோர்க், அவற்றைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும்தான் முதல் சந்தேகம். பல டிராக்டர்களில் மேல்மூடியைத் திறந்தே இதைப் பார்த்துவிடலாம். ஸ்பிரிங் மிக மலிவானது. ஒரே ஒரு கியர் மட்டும் சுமையில் நழுவினால் அந்தக் கியரின் பல் தேய்ந்திருக்கிறது. லீவரைக் கயிறு கட்டி வைத்துக்கொண்டு ஓட்டும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சரிவில் அது உயிருக்கு ஆபத்து.

இறக்கத்தில் நியூட்ரல்

சிறுமலையிலிருந்தும் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்தும் சரக்கோடு இறங்கும் வண்டிகளில் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவார்கள். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடிப்பு போய்விடும். பிரேக் மட்டும் சுமையைத் தாங்க வேண்டும். நம் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. பின்னால் உள்ள டன் கணக்கான பாரம் டிராக்டரை முன்னே தள்ளும். வேகம் ஏறிய பிறகு கியருக்குத் திரும்பலாம் என்று நினைத்தால் சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டியில் கியர் விழாது, உரசும், அவ்வளவுதான். ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில், இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். ரோட்டில் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அப்படியே திரும்பிக் கவிழும்.

முதல் கியரின் பலத்தாலும் ஆபத்து உண்டு. சேற்றில் பின் சக்கரம் மாட்டி அசையாதபோது, லோவில் போட்டுக் கிளட்சை 'டப்' என்று விட்டால் சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும். ஓரிரு நொடியில் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. ரிவர்ஸில் வெளியே வரப் பாருங்கள். இன்னொரு வண்டியை இழுப்பதானால் சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டும் கட்டுங்கள். ஆக்சிலுக்கு மேலே கட்டவே கூடாது.

ரொட்டவேட்டர் போல்ட்டும் மற்றவையும்

ரொட்டவேட்டரோ மற்ற பிடிஓ கருவியோ கல்லில் மாட்டினால் முதலில் உடைவதற்காகவே சில தண்டுகளில் ஷியர் போல்ட் ஒன்று வைத்திருப்பார்கள். கல் அதிகம் உள்ள செவ்வல் காட்டில் அது அடிக்கடி உடையும். எரிச்சலில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். அடுத்த கல்லில் போல்ட் உடையாது. அடி நேராகப் பிடிஓ தண்டுக்கும் கியருக்கும் போகும். அதே அளவு, அதே தரத்துப் போல்ட் பத்து வாங்கி டூல் பெட்டியில் வையுங்கள். ரொட்டவேட்டரின் சொந்தக் கியர் பெட்டிக்கும் ஆயில் உண்டு; அதைப் பலரும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

டிஃபரென்ஷியல் லாக்கை மிதித்தபடி வண்டியைத் திருப்பினால் ஆக்சில் தண்டு முறுகும். நான்கு சக்கர இயக்க வண்டிகளை ரோட்டில் அந்த நிலையில் ஓட்டவும் கூடாது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்றே கூடுதல் வேகத்தில் ஓடும்படி அமைத்திருப்பார்கள். மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் உள்ளே முறுக்கு ஏறும். டயர் மாற்றும்போது கடைக்காரர் சொல்லும் வேறு அளவுக்குச் சம்மதிக்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்

முதலில், என்ன சோதித்துப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். காதை வைத்துக் கேட்கச் சொல்வார், காந்தத்தைக் காட்டுவார். பிரிப்பதற்கு முன்பு இரண்டு பாதிக்கும் அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்கிறாரா, முன் ஆக்சில் ஆடாமல் இருபுறமும் கட்டை அடிக்கிறாரா என்று பாருங்கள். ஜாக்கி மட்டும் போதாது.

வண்டி ஒருமுறை பிரிந்த பிறகு கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல்கள் ஆகியவற்றின் நிலையையும் அப்போதே பார்த்துவிடுவது லாபம். பாதி தேய்ந்த பிளேட்டைத் திரும்ப மாட்டி ஆறு மாதத்தில் மறுபடி பிரித்தால் கூலி இரண்டு மடங்கு. கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக உரசிப் பழகிய ஜோடி, ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் ஊளையிடும், சீக்கிரம் போய்விடும். உடைந்த பல்லுக்கு வெல்டிங் வைத்துத் தேய்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல்லின் மேல்தோல் சூடேற்றிக் கெட்டியாக்கப்பட்டது. வெல்டிங் சூட்டில் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பல்சக்கரம் வாங்குவதானால் பல்லின் பக்கத்தில் குழியோ, முனையில் சிதைவோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஊற்றிய ஆயிலின் பெயர், அளவு, மீட்டரில் அன்றைக்கு இருந்த மணி எண்ணிக்கை மூன்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் ஈரம் காய்ந்துவிடும் என்ற கவலை இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டரை உழவன் செயலியில் உள்ள இ-வாடகை வழியாகப் பதிவு செய்யலாம். மழைக்குப் பிறகு எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள் என்பதால், பிரிப்பது என்று முடிவான அன்றே பதிந்துவிடுங்கள்.